மாமி எடுத்து வைத்த உக்காரை

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், எதிர் வீட்டு மாமி தீபாவளிக்கு உக்காரை செய்வார். கடலைப்பருப்பும் வெல்லமும் நெய்யும் சேர்ந்து உதிர் உதிராக இருக்கும். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எனக்கு ஒரு சம்படம் நிறைய வந்துவிடும். பதிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாத கேக் செய்து கொடுப்பேன். பெரும்பாலும் அது கல்லாக இருக்கும். காபியில் நனைத்துச் சாப்பிட்டதாக மாமி சொல்வார்.

நான் மயிலாப்பூரில் பழைய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். யார் எது கொடுத்தாலும் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுவோம். என் மகனுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையின் மாடியில் கூடும் சபையார் ஆஸ்பத்திரிக்கு வந்து, இரண்டு நாள் நகராமல் ஜெபித்தார்கள். பிள்ளை பிழைத்தான். அந்த நன்றியில் சபையில் சேர்ந்தேன். பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பூ கூடாது. தோடு கூடாது. சாமிக்குப் படைத்ததைத் தொடக்கூடாது. ஒன்றை மீறினாலும் காய்ச்சல் திரும்பிவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். பாஸ்டர் அப்படிச் சொன்னாரா, நானே நினைத்துக்கொண்டேனா என்பது இப்போது ஞாபகமில்லை.

படைத்தது வேண்டாம் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தீபாவளிக்கும் சம்படத்தோடு வந்து நின்றார்.

"நைவேத்தியத்துக்கு முன்னாடியே உனக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டேன்டி. சுவாமிக்கு முன்னாடி மனுஷாளுக்கான்னு மாமா முணுமுணுத்துண்டிருக்கார். அவர் கிடக்கார், நீ சாப்பிடு."

சாமிக்குக் காட்டாமல் ஒரு பருக்கை வாயில் வைக்காத மனுஷி, எனக்காகத் தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பெரிய வெற்றி போலச் சபையில் சாட்சி சொன்னேன். பாஸ்டர் முகம் சுளித்தார். அந்த நாளில் அந்த அடுப்பில் செய்தது எல்லாமே தீட்டுப்பட்டதுதான் என்றார்.

அடுத்த வருஷம் சம்படத்தை வாசலிலேயே மறித்தேன்.

"தனியா எடுத்தாலும் கூடாதாம் மாமி. பாஸ்டர் சொல்லியிருக்கார்."

"குழந்தைக்காவது ஒரு வாய் கொடேன்."

"அவனுக்கும் வேணாம்."

மாமி மூடியை அழுத்தி மூடினார். "சரிம்மா" என்றார். அதுவரை அவர் என்னை ஒரு நாளும் 'அம்மா' போட்டுப் பேசியதில்லை. அதன்பின் படிக்கட்டில் பார்த்தால் பிள்ளையை விசாரிப்பார், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, தன் மகள் கல்யாணத்தில் மல்லிகை வைத்துக்கொண்ட ஒரு பெண்ணைச் சபையில் எல்லோர் முன்னாலும் எழுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். கிறிஸ்து சும்மா கொடுத்த கிருபைக்கு நிபந்தனை போட இவர்கள் யார்? இத்தனை நாள் தலையாட்டிய நான்தான் யார்? அன்றோடு அங்கே போவதை நிறுத்தினேன். ஆண்டவரை விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலும் வரவில்லை.

உடனே மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே? வெட்கம். அந்தத் தீபாவளிக்குக் காலையிலிருந்தே கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். மாமி வரவில்லை. எதிர் வீட்டுக்கு நாலு தப்படிதான், நானும் போகவில்லை. தை மாதம் மாரடைப்பில் மாமி போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் எங்கள் மாடியில் மற்ற எல்லா வீட்டுக்காரர்களையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். எங்களை அழைக்கவில்லை. மனசு கேட்காமல் நானாகப் போய் நின்றேன். மாமியின் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடலைன்னு தப்பா நினைச்சுக்காதீங்கோ அக்கா. அம்மா சொல்லிண்டே இருப்பா. நம்மாத்துல சாப்பிட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அந்தப் பொண்ணு பயப்படறா, யாரும் அவளை வற்புறுத்தாதீங்கோன்னு."

என் பயத்தை நான் மாமியிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் எப்போதோ விட்டுவிட்ட சட்டத்தை, என் பிள்ளைக்காக, சாகும்வரை மாமி காப்பாற்றியிருக்கிறார்.