புளியமரம் ஓட்டுக் கேட்டது

செல்போன் சர்வீஸ் கடைக்காரன் போனை மட்டும் பார்த்தால் போதும் என்று நம்பித்தான், என்னைப் போல நீங்களும் கடை திறந்து மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மரத்துப் பைகள்

எங்கள் மலைக் கிராமத்தில் மேட்டுப் புளியமரத்தடியில் மட்டும்தான் சிக்னல். சாமை அறுக்கப் போகிறவர்கள் போனைத் துணிப்பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். அழைப்பு வந்தால் போன் தானாக எடுத்து ஸ்பீக்கரில் பேசும்படி செட்டிங் போட்டுக் கொடுத்தவன் நான். அந்த வழியாகப் போகிறவர்கள் பதில் பேசிச் சேதி வாங்கி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஊராட்சித் தேர்தல் வந்தது. ஒரு மத்தியானம் எல்லாப் பைகளும் ஒரே குரலில் ஒரு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டன. கீழே ஆளே இல்லை. ஆடு ஓட்டிவந்த ராஜம்மா அப்படியே நின்றுவிட்டார். சத்தம் கேட்டு நானும் ஓடிப் போனேன்.

"இன்னாப்பா, மரத்துக்குள்ள பூந்து ஓட்டு கேக்குறாங்க?"

ஒரு நிமிஷம்

அந்த வேட்பாளரை எதிர்த்து நின்றவள் பொன்னி. ரோடு இல்லாததால் கம்பில் துணியால் டோலி கட்டிப் பிரசவத்துக்குத் தூக்கிப் போன தங்கையை வழியிலேயே பறிகொடுத்தவள். அந்த ரோட்டுக்காகத்தான் நின்றாள். அவள் பேச்சை என் கடையில்தான் பதிவு செய்தோம். மறுநாள் ஆலங்காயத்திலிருந்து லேப்டாப்போடு ஒருவர் வந்து, இரைச்சலை எடுத்துத் தருகிறேன் என்றார். யாருடைய ஆள் என்றுகூடக் கேட்காமல் பதிவை நகல் எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் கேட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு நிமிஷம் பேசினாப் போதும்ண்ணா, மிச்சத்த இந்த லேப்டாப்பே பேசிக்கும்."

விலகிட்டேன்

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் சாயங்காலம், போன் எடுக்க ஊரே மரத்தடிக்கு வந்திருந்தது. பொன்னியும் அங்கேதான் நின்றிருந்தாள். திடீரென்று பைகள் எல்லாம் அவள் குரலில் பேசின: "நான் பொன்னி. தேர்தல்ல இருந்து விலகிட்டேன். எனக்கு ஓட்டு போடாதீங்க."

பொன்னியின் உதடு அசையவே இல்லை. பிறகு, "அது நான் இல்லீங்க, நான் இங்க நிக்கிறேன்!" என்று கத்தினாள். லேப்டாப்காரருக்கு நான் பதிவைக் கொடுத்த கதையைச் சொன்னேன். யார் காதில் விழுந்தது? ஜனங்கள் அவளை விட்டுவிட்டுக் கிளையைப் பார்த்தார்கள். ராஜம்மா அவளைத்தான் அதட்டினார்.

"கொஞ்சம் சும்மா இரும்மா, பொன்னி இன்னா சொல்றான்னு கேக்கணும்."

டோலி

பொன்னி தோற்றாள். போன வாரம் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. டோலிக் கம்பின் ஒரு முனை பொன்னியின் தோளில், மறுமுனை என் தோளில். தேர்தல் முடிந்தும் யாரும் நிறுத்தாமல் விட்ட அந்த அழைப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. செட்டிங்கை எடுத்தால் ஊருக்கு வேறு சேதியும் வராது. மரத்தைத் தாண்டும்போது பைகள் பேசின: "நான் பொன்னி. விலகிட்டேன்." எனக்குக் கால் நகரவில்லை. பொன்னி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ பேசட்டும்ண்ணா. நீ நட."

பேசாத ஸ்பீக்கரை அரை மணியில் பேச வைத்துவிடுகிற நமக்கு, பேசுகிற மரத்தை நிறுத்த மட்டும் யாரும் தொழில் கற்றுத்தரவில்லை.