எங்கள் கரடும் அவர்கள் சொன்ன அளவும்

ரிக் வண்டியைப் பார்த்து எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அசர மாட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக்கில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துவிட்டு வருகிறவர் எல்லா உறவிலும் ஒருவராவது இருப்பார். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், எங்கள் ஊர்க் கரட்டடியில், அந்தப் பாறைக்குன்றின் ஓரத்தில், வந்து நின்ற ரிக் தண்ணீருக்கு வந்ததாகத் தெரியவில்லை. கல்லை உருளை உருளையாக வெளியே எடுத்தது. அதை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். மாடு மேய்க்கப் போனவர்களெல்லாம் அதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தங்கம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

தங்கமில்லை என்பது பஞ்சாயத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியபோது தெரிந்தது. அணு உலைகளில் மிஞ்சும் கழிவைப் பாறைக்குள் ஆழமாக வைத்துப் பாதுகாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அதற்கான பாதுகாப்பு விதிகளை விளக்கக் கூட்டம் நடக்கும், ஊரார் கருத்துச் சொல்லலாம். கூட்டம் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியிலேயே. அறிவியல் டீச்சர் என்பதால் நாற்காலி போடுவதிலிருந்து கரும்பலகை துடைப்பது வரை என் தலையில் விழுந்தது.

வந்த அதிகாரி நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரில் பலர் இன்றும் அவரை ஒரு அரக்கனைப் போலப் பேசுகிறார்கள். குரலை உயர்த்தாமல், படம் போட்டு விளக்கினார். கழிவு வைக்கும் இடத்து வேலிக்கு வெளியே இருக்கும் ஒருவர் உடம்பில் ஒரு வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது என்று அளவு வைத்திருக்கிறோம், அந்த அளவுக்குள் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றார்.

என் அண்ணன் எழுந்தார். அண்ணனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் தவிர வேறு உலகம் கிடையாது. எங்கள் ஊரில் கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். தாசில்தாரே வந்தாலும் வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"ஏனுங்க சார், கொடிக்காலுக்குள்ள ரண்டடி மட்டும் செருப்போட நடந்துக்கலாம், மூணாவது அடிதான் தப்புன்னு நாங்க அளவு வெச்சிருக்கறமுங்களா?" என்றார்.

கூட்டமே கைதட்டியது. அதிகாரி சிரித்துக்கொண்டே அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் ஆட்சேபணைகளை முறையாகப் பதிவு செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் அண்ணன் கேட்டது பிடித்தது. ஆனால் அது எடுபடாது என்று தெரியும். துளிகூடக் கதிர்வீச்சு இல்லாத இடம் உலகத்தில் இல்லை. அந்தக் கரட்டிலிருந்தே கொஞ்சம் வருகிறது, நாம் தின்கிற வாழைப்பழத்தில்கூடக் கொஞ்சம் இருக்கிறது. என் கேள்வி வேறு. அந்த அளவை யாருடைய உடம்பை வைத்துப் போட்டார்கள்? எங்கள் ஆட்கள் விடிந்தது முதல் வெறுங்காலோடு வாய்க்கால் சேற்றில் நிற்பவர்கள், கரட்டடிக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள், அங்கேயே விளையும் இலையை நாள் முழுக்க மெல்லுபவர்கள். இப்படி ஒரு ஆள் அவர்கள் கணக்கில் உண்டா? இதை அடுத்த கூட்டத்தில் கேட்பதென்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "கேள்வி நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா கேள்வியப் பாத்து எவன் பயப்படுவான்? கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார்.

அந்த வருஷம் ஊரில் இரண்டு மூன்று கொடிக்கால்களில் வாடல் நோய் விழுந்திருந்தது. வேர் அழுகி, கொடி முழுக்கக் கருத்துத் தொங்கும். பிடுங்கி எரித்துவிடுவதுதான் வழக்கம். அண்ணன் எரிக்க விடவில்லை. ஆட்களைக் கூட்டிப்போய் அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து பஸ் நிற்கும் புளியமரத்தில் தோரணம் மாதிரிக் கட்டினார். என்னிடம் ஒரு பலகையையும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் கொடுத்தார்.

"அண்ணா, இது வாடல் நோயில செத்த கொடிதானுங்களே?" என்றேன்.

"வந்தா இப்படி ஆவும்னுதான எழுதறோம்? ஆயிருச்சுன்னா எழுதறோம்?"

எழுதினேன். 'அணுக்கழிவு வந்தால் எங்கள் கொடி இப்படித்தான்!' என்று முத்து முத்தாக எழுதினேன். என் கையெழுத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எழுதிவிட்டு நாலடி தள்ளி நின்று அழகு பார்த்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஊரில் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் உறைக்காத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் வெற்றிலைச் சுமைகள் எல்லாம் காலையில் அந்தப் புளியமரத்தடியில்தான் லாரி ஏறும். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு மொத்த விலைக்குப் போகிற இலை. தலைக்கு மேலே கருகிய கொடிகள், பக்கத்தில் சிவப்பு எழுத்து, கீழே பச்சைப் பசேலென்று சுமைகள். லாரி டிரைவர்கள் பலகையை நின்று படிப்பார்களா? கொடியைப் பார்த்தார்கள், அணு என்ற எழுத்தைப் பார்த்தார்கள், போய் மண்டியில் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சுமைகள் அப்படியே திரும்பி வந்தன. கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற நேரம், இலைக்கு ஆலாய்ப் பறக்க வேண்டிய மண்டிக்காரர்கள், வேறு ஊர் இலை இருந்தால் மட்டும் அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் அன்றைக்கே தோரணத்தையும் பலகையையும் அறுத்து எறிந்தார். பிரயோஜனமில்லை. மறுநாளும் திரும்பியது, அதற்கு மறுநாளும். பறித்த இலை காத்திருக்காது. மஞ்சளடித்த இலையைக் கூடை கூடையாகக் குப்பைமேட்டில் கொட்டினார்கள்.

யாரும் அண்ணனைத் திட்டவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். சோற்றுத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஊருச் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன் அம்மிணி" என்றார். அண்ணன் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் கைவண்டிகளுக்கு நடுவே இடிபட்டு எங்கள் ஊர் இலை வாங்கும் பெரிய மண்டியைக் கண்டுபிடித்தேன். முதலாளி நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். கழிவு இன்னும் வரவேயில்லை, பாறையில் துளைதான் போட்டிருக்கிறார்கள், கொடி செத்தது வாடல் நோயில், பலகை எழுதியது நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப நீங்க மரத்துல கட்டினது பொய்யாம்மா?"

"பொய்தானுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவர் அந்தத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினார். இரண்டாம் நாளிலிருந்து சுமைகள் போகத் தொடங்கின. ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. நானும் ரொம்பப் பெருமையாகத்தான் நடந்தேன், வெட்கமென்ன.

இரண்டாவது கூட்டம் அதற்கடுத்த மாதம். அதே அதிகாரி, அதே படம். செவ்வாய்ப்பேட்டைச் சுவரில் இருந்த தாளின் நகல் அவர் ஃபைலில் இருந்தது. குத்திக் காட்டவெல்லாம் இல்லை. "கொடி வாடியதற்குக் காரணம் வேறு என்று உங்கள் ஊர் டீச்சரே எழுதியிருக்கிறார். அதனால் அந்த விஷயத்தை விட்டுவிடுவோம். நாங்கள் சொன்ன அளவைப் பற்றி வேறு ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தாள் கையில் இருந்தது. எழுந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், நீங்க பேசி மறுபடியும் எல திரும்பி வந்துதுன்னா ஆருங்க பொறுப்பு?"

கேலியில்லை, பயம். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும், அவர் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, அதன் கீழே வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் சொன்னார். "எலய வித்துக் குடுத்துட்ட அம்மிணி. கூடவே கரட்டையும் வித்துட்ட."

எனக்குச் சுரீரென்று வந்தது. "கொடியக் கட்டச் சொன்னது ஆருங்க? பலகையக் கையில குடுத்தது ஆருங்க?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அதற்குப் பிறகு பல மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி மட்டும் எப்போதும்போல வந்து போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு ஒருநாள் ரிக் வண்டி போய்விட்டது. கல் பெட்டிகளும் போய்விட்டன. ஏன் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை. தற்செயலாக நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். அவரே வந்து பேசினார்.

"உங்க பாறை சரிப்படலைம்மா. ஆழத்துல நிறைய விரிசல், தண்ணி ஓடுது. வேற இடம் பாத்துக்கிட்டிருக்கோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அண்ணனின் கொடிக்காலுக்குப் போனேன். அவர் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்ததையெல்லாம் மறந்து, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகம் மலர்ந்தது. கை வேலையை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார்.

கையில் ஒட்டிய நாரைத் தட்டிவிட்டு, "பாறை கெட்டியா இருந்திருந்தா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. படித்தவள், தெரிந்து சொல்வேன் என்றுதான் கேட்டார். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிய பக்கத்தில், பள்ளிக்கூடத்தின் சார்பில், எல்லோருக்கும் முதலாவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது நான்.