அத்தான் வெட்டிய தடி

போன கிழமை மாங்குளத்தில் என் கடைக்கு ஒருவர் வந்தார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மனிதர். ஆற்றில் தூண்டில் போடப் போகிறாராம். தூண்டிலில் ஏறிய மீனைக் கரையில் நின்றபடி அள்ளியெடுக்க வளையத்தில் கட்டிய வலை ஒன்று இருக்குமே, நாங்கள் அத்தாங்கு என்போம், அதற்கு ஒரு பிடி வேண்டுமாம். இழுத்து நீட்டுகிற அலுமினியப் பிடி ஒன்று, மூங்கில் ஒன்று, விண்ணாங்கு மரத்தடி ஒன்று என்று மூன்றை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதிலை எதை நம்பிப் பிடிக்கலாம்?" என்று கேட்டார். மண்வெட்டிக்கும் கோடாரிக்கும் பிடி விற்றே வயிறு வளர்க்கிறவன் நான். எந்தப் பிடி எத்தனை மாரிக்குத் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அன்றைக்கோ விண்ணாங்குத் தடியைக் கையில் எடுத்தவுடன் அக்காவின் நினைவுதான் வந்தது.

அக்கா எனக்கு இரண்டு வயது மூப்பு. அவளுடைய புருசன், என் அத்தான், நெல் விதைக்கிறவர் என்று பேர்தானே தவிர, மனம் முழுக்க ஆற்றில்தான். அவர்களுடைய வயலுக்குப் பின்னால் கனகராயன் ஆறு. அந்த இடத்தில் கரை செங்குத்து. மருதமர வேர்களுக்குக் கீழே சுழித்துக்கொண்டு தண்ணீர் போகும். தூண்டிலில் மாட்டிய விரால் கரைக்குக் கிட்ட வந்து ஒரு துள்ளுத் துள்ளினால் போதும், அறுத்துக்கொண்டு போய்விடும். "தூண்டில் மீனைக் கூப்பிடும், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறது அத்தாங்குதான்" என்பார் அத்தான். அதனால் பிடி விசயத்தில் அவருக்குப் பெரிய கண்டிப்பு. கணு இல்லாத விண்ணாங்குக் கம்பாகக் காட்டில் தேடி வெட்டி, குசினி அடுப்புப் புகையில் மாதக்கணக்காகக் காயவிட்டு, வளைந்து முறுகாமல் எடுத்தார். ஈரக்கையிலும் வழுக்காது. வலைக்குள் மீன் கிடந்து அடித்தாலும் கைக்குள் திரும்பாது. அவர் நல்ல உயரம்; தடி அவரிலும் உயரம். அக்கா அந்த நாட்களில் ஆற்றுப்பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. மீன் சட்டிக்குள் வந்தால் தனக்கு அது போதும் என்பாள்.

சண்டை நெருங்கி, நாங்கள் எல்லோரும் கிழக்கே கிழக்கே இடம்பெயர்ந்தபோது அத்தான் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தடியை மட்டும் எடுத்துக்கொண்டார். போன இடமெல்லாம் கூடாரமாகக் கட்டிய எங்கள் தறப்பாளைத் தூக்கிப் பிடித்தது அந்தத் தடிதான். சண்டை முடிந்த கடைசி நாள், பெயர் பதிகிற வரிசையில் ஆமிக்காரர் அத்தானை மட்டும் வேறு பக்கம் கூப்பிட்டார்கள். அவர் தடியை அக்காவின் கையில் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சையே நில். வாறன்" என்றார். அக்கா நின்றாள். பொழுது சாயும்வரை வெயிலில் நின்றாள். பிறகு எங்களைப் பஸ்ஸில் ஏற்றிச் செட்டிகுளம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஊன்றுதடி என்று சொல்லி அதையும் ஏற்றிக்கொண்டாள். முழங்கால் நல்லாயிருந்த பொம்பிளைக்கு எதற்கு ஊன்றுதடி என்று யாரும் கேட்கவில்லை.

மீளக் குடியேறிய பிறகு அக்கா தானே தூண்டில் போடத் தொடங்கினாள். பிள்ளை குட்டி இல்லை; வயல் வேலை முடிந்தால் பின்னேரம் ஆற்றங்கரைதான். தடியில் புதிதாக வளையம் கட்டி, அவளாகவே வலையும் பின்னிக்கொண்டாள். ஆனால் தடி அவளுக்கு நீளம், பாரம். போதாக்குறைக்கு வளையத்துக்குக் கிட்ட வெடிப்பும் விட்டிருந்தது. நைலோன் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். பிடி விற்கிறவனுடைய அக்கா கையில் இப்படியொரு பிடியா என்று எனக்குப் பொறுக்காது. அலுமினியத்தில் ஒன்று கொண்டுபோனேன். "வெயிலுக்கு மினுங்குது, மீன் ஓடிப்போடும்" என்றாள். மூங்கில் கொண்டுபோனேன். "காத்துக்கே ஆடுது" என்றாள். நல்ல வழவழப்பாக எண்ணெய் பூசியது ஒன்று. "மணக்குது" என்றாள். "அத்தானைக் கலியாணம் பேசேக்கை கூட நீ இவ்வளவு குறை சொல்லேல்லையே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டுப் பழைய தடியைத்தான் எடுத்தாள். காணாமல்போன அத்தானுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அதிகாரிகள் வந்தபோதும் இதே கதைதான். "அது செத்த ஆக்களுக்கெல்லோ?" என்று கேட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஒரு மார்கழி. ஆறு முட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. அக்கா தண்ணிக்குள் விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வயல்காரர் வந்து சொல்ல, கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். பெரிய விரால் ஒன்று ஏறியிருக்கிறது. அள்ளும்போது வெடித்த தடி முறுகி, அதோடு அவளும் சறுக்கிக்கொண்டு போய் மருத வேரில் தொங்கியிருக்கிறாள். மீனை விட்டாள், தூண்டிலை விட்டாள், தடியை விடவில்லை. நான் போனபோது கரையேறி, காலால் இரத்தம் ஓட, நனைந்த சீலையோடு குந்தியிருந்து வெடிப்பு பெருத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் எனக்குக் கோபமாக வந்தது. "உனக்கென்ன விசரே? உக்கின தடிக்காகச் சாகப்போறியே? தடி எங்கை எண்டு அத்தான் வந்து கேக்கப்போறாரே? அவர் வரமாட்டார். ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாதோ?" என்று கத்தினேன். அத்தனை வருசம் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொல்லாத சொல் அது. அக்கா தடியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீ கடைக்காரன் தம்பி. ஒரு தடி முறிஞ்சால் உன்னட்டை இன்னொரு தடி இருக்கும்" என்றாள். எழும்பி நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனாள். அதற்குப்பிறகு இரண்டு மாதம் என்னோடு கதை பேச்சில்லை. நாக்கை அறுத்து எறியலாம்போல இருந்தது எனக்கு.

பிறகு ஒருநாள் தானாகவே கடைக்கு வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் நின்ற விண்ணாங்குத் தடிகளில் ஒன்றை எடுத்து ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தாள். சீமெந்து நிலத்தில் தட்டிச் சத்தம் கேட்டாள். முழங்காலில் வைத்து அமத்தினாள். என் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கையை நனைத்துப் பிடித்துப் பார்த்தாள். அத்தான் செய்கிறதை எப்போது இவ்வளவு கவனித்திருக்கிறாளோ தெரியாது. "இதிலை ஒரு முழம் வெட்டு. என்ரை அளவுக்கு வேணும்" என்றாள். எனக்குச் சந்தோசம் என்றால் சந்தோசம். கடைசியில் மனம் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தேன். வாளால் அறுத்தபடியே, "பழசை அடுப்புக்குள்ளை வை அக்கா" என்றேன். "அட விசரா, அது அவரின்ரை தடியெல்லோ! நான் பாவிச்சு முறிச்சுப்போட்டு நிண்டால், வந்தவுடனை மனுசன் என்னையெல்லோ ஏசும்" என்று சிரித்தாள். நான் குனிந்து மரத்தூளைக் கூட்டத் தொடங்கினேன்.

அந்தப் பிடியோடு ஏழெட்டு வருசம் மீன் பிடித்தாள். நல்ல விரால் கிடைத்தால் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து தருவாள். போன வருசம் எலிக்காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டிலேயே படுத்திருந்தாள். வவுனியா ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். அவ்வளவுதான். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்; பொம்பிளைகள் குளிப்பாட்டினார்கள். பிறகு அவர்களில் ஒருவர் வெளியே வந்து, என் கையைப் பிடித்து, மெல்லக் கேட்டார்: "தம்பி, பட்டு உடுத்திப் பொட்டு வைக்கிறதோ, விடுறதோ? நீங்கள்தான் சொல்லவேணும்." புருசன் இருக்கிறவளுக்குத்தான் அந்த அலங்காரம். உயிரோடு இருந்தவரை தன் பொட்டை அவளே வைத்துக்கொண்டாள். யாரும் யாரையும் கேட்கவேண்டி இருக்கவில்லை. இப்போது முற்றத்தில் நின்ற சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது. அத்தான் வருவார் என்று நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. "பட்டை உடுத்துங்கோ. பொட்டைப் பெரிசா வையுங்கோ" என்றேன்.

கிரியைக்கு வந்த ஐயர் வெளியூர்க்காரர். பட்டும் பொட்டுமாகப் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு, சுற்றிவர ஆளைத் தேடினார். "புருசன் இருக்கிறாரோ? அவரெல்லோ கொள்ளி வைக்கவேணும். எங்கை அவர்?" என்று கேட்டார்.

"இருக்கிறார் ஐயா" என்றேன். "வரப் பிந்திப்போச்சு. நான் வைக்கிறன்."