பழைய பெட்டி, புது டிஸ்க், மூன்று மிஸ்டு கால்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பாதி நாள் ஸ்க்ரூ கழற்றுவதில் போகும், மீதி நாள் கழற்றிய ஸ்க்ரூவைத் தேடுவதில் போகும். மேஜைக்கு அடியில் டார்ச்சோடு தவழ்ந்த அனுபவம் உள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிகளே, வாங்க, நாம் ஒரே ஜாதி. தவழாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களும் படிக்கலாம்.

நான் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லைனில் பிறந்தவள். ஆறாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி போர்ட் பிளேயருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குத் தீவுக்குத் தீவு ஓடுகிற ஃபெர்ரியில் கயிறு கட்டுகிற வேலை. ஃபீனிக்ஸ் பே பக்கம் பாஸ்கர் அண்ணன் கடையில் தூசி தட்டத்தான் சேர்ந்தேன். தூசி தட்டணும்னா மூடியைக் கழற்றணும், கழற்றினால் மாட்டணும், மாட்டினால் ஓடணும். இப்படியே நகர்ந்து நகர்ந்து மேஜைக்கு வந்துவிட்டேன். என் மூன்று வயசு மித்ரா, கடையிலேயே ஒரு மானிட்டர் அட்டைப்பெட்டிக்குள் தனிக்குடித்தனம்.

வாய் பேசாத மெக்கானிக்

எனக்கு ஒரே குறை, கூச்சம். கஸ்டமர் வந்தால் தலையாட்டுவேன். ரொம்ப அவசரம் என்றால் இரண்டு தடவை ஆட்டுவேன். போனில் பேசச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துவிடும். அண்ணன் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் எனக்காகவே ஒரு பாஷை கண்டுபிடித்தார். அவர் வெளியே போயிருக்கும்போது ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கஸ்டமர் வந்திருக்கிறார். இரண்டு கொடுத்தால் கரண்ட் போய்விட்டது. மூன்று கொடுத்தால் எங்கேயோ புகை வருகிறது. இந்த மூன்றைத் தாண்டி கடையில் ஒன்றும் நடக்காது என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

மனுஷங்களிடம் வராத பேச்சு மெஷினிடம் தாராளமாக வரும். ஒருநாள் படகு வந்து நிற்கிற ஜெட்டியில் வேலை பார்க்கிறவர் ஒருவர் தன் கம்ப்யூட்டரின் வியாதியையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார் என்று நினைத்து மூடியைக் கழற்றி, "என் ராசால்ல, எங்கே வலிக்குது சொல்லு" என்று ஆரம்பித்தேன். மனுஷன் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து வாசலிலேயே நிற்கிறார். நேராக அண்ணனிடம் போய்ச் சொன்னார்: "பாஸ்கர் பாய், எனக்கு ஒரு வார்த்தை கிடையாது, அந்த டப்பாவுக்கு மட்டும் ராசாவா?"

கட்... கட்...

ரீனா தீதி, அதாவது ரீனா அக்கா, ஒரு பெங்காலி அம்மா. ரவிக்கையில் மெஷின் எம்ப்ராய்டரி போடுகிறவர். மீன், சங்கு, தாமரை, மயில், எல்லாம் அவரே கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்கு அனுப்புவார். அந்த மெஷின் பழைய மெஷின். பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும், புதுசு சொன்னால் முறுக்கிக்கொள்ளும். அதனால் புதுசு வாங்க வழியில்லை. ஒருநாள் அந்தப் பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஆன் பண்ணினோம். உள்ளே ஹார்ட் டிஸ்க், பல்லி சொல்கிற மாதிரி கட்... கட்... என்றது.

அண்ணன் உடனே ஆஃப் பண்ணினார். இந்த டிஸ்க் சாகப்போகிறது. செத்துப்போவதற்குள் புது டிஸ்க் ஒன்று மாட்டி, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுக்கணும். அதற்கு ஒரே ஒரு தடவை ஆன் பண்ணலாம், நடுவில் அணைந்தால் மறுபடி எழுந்திருக்காது என்றார். துர்கா பூஜைக்கு வந்த ஆர்டர் மொத்தமும், இத்தனை வருஷம் தீதி வரைந்தது மொத்தமும் அந்தக் கட் கட்டுக்குள் இருந்தது. தீதி என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியையும் கலந்து சொன்னார்: "செல்வி, டிசைன் இப்போ ஜிந்தா ஹை. நீ கொல்லாதே, அது போதும், பஸ்!"

முறுக்கு வாசனை

புது டிஸ்க் சென்னையிலிருந்து அண்ணனின் மச்சான் மடியில் உட்கார்ந்து பிளேனில் வந்தது. பனியனில் சுற்றி, முறுக்குப் பாக்கெட்டுக்கும் மிக்சர் பாக்கெட்டுக்கும் நடுவில் வைத்திருந்தார். பிரித்தால் கடை பூராவும் முறுக்கு வாசனை. டிஸ்க் வந்தது, முறுக்கு வந்தது, சுண்டு விரல் நீளத்தில் ஒரு கன்வெர்ட்டர் வயர் சொல்லியிருந்தோமே, அது வரவில்லை. பழைய பெட்டியில் இந்தக் காலத்து டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற தட்டைப் பின் ஒன்றுதான் உண்டு. அதைப் பழசு பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட அந்த வயர் இல்லாமல் முடியாது.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் என்று காத்திருந்தால் பூஜை முடிந்து அம்மன் தண்ணீருக்குள் போயிருப்பாள். போர்ட் பிளேயரில் எங்களுக்குத் தெரிந்து அந்த வயர் ஒரே ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. அண்ணன் காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய பாட்டு ஓடவிடுகிற அவருடைய சொந்தப் பெட்டி. மறுநாள் அவர் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்குக் கேமரா மாட்டப் போகவேண்டியிருந்தது. ராத்திரி கடையை விட்டுக் கிளம்பி வாசற்படி வரை போனவர் திரும்பி வந்தார். பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார். "கழட்டிக்கோம்மா. ஆனா நாளைக்குள்ள என் பாட்டு திரும்பி வரணும்."

ஏற்கெனவே குடியிருப்பவர்கள்

மறுநாள் தீதியின் பெட்டியைத் திறந்தேன். பழைய டிஸ்க்குக்குக் கீழே காலியாக ஓர் இடம் உண்டு. புதுசை அங்கே வைத்து வேலையை ஆரம்பிக்கலாம் என்று டார்ச் அடித்தால், உள்ளே முத்து மாதிரி இரண்டு வெள்ளை முட்டை. பல்லி முட்டை! நல்ல கதகதப்பு, மழை இல்லை, வாடகை இல்லை. நான் பல்லியாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

பேப்பரால் எடுக்கப் போனேன். பக்கத்து நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த தீதி பாய்ந்து வந்து தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் மித்ராவின் அட்டை வீட்டிலிருந்து ஒரு கதவைக் கிழித்து, பெட்டிக்கு வெளியே போட்டு, அதன்மேல் புது டிஸ்க்கைப் படுக்க வைத்தேன். கதவு போன துக்கத்தில் மித்ரா அழுதாள், முறுக்கு கொடுத்தேன். முட்டை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. தீதி தீர்ப்பு அப்படி: "துர்கா மா வீட்டுக்கு வர்ற டைம். நீ இன்னொரு மா-வை வீட்டை விட்டு நிகால் பண்றியா?"

மூன்று மிஸ்டு கால்

ஆன் பண்ணினேன். பழசு கட் என்று ஒரு தடவை மிரட்டிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஆனால் புதுசைக் காணோம்! வயரைப் பார்த்தால் சரியாக இருக்கிறது, கை வைத்தால் உள்ளே சுற்றுகிறது, திரையில் மட்டும் அதன் பெயரே இல்லை. "வாடி ராசாத்தி, முகத்தைக் காட்டு" என்று கெஞ்சினேன். வரவில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணவும் முடியாது. பக்கத்தில் பழசு கட் என்று சொல்லும்போதெல்லாம் தீதி நெஞ்சில் கை வைக்கிறார்.

அண்ணனைக் கேட்கணும். ஆனால் "டிஸ்க் தெரியவில்லை" என்பதற்கு எங்கள் பாஷையில் மிஸ்டு கால் இல்லையே! ஒன்று கொடுத்தால் கஸ்டமர் என்று சும்மா இருந்துவிடுவார். இரண்டு கொடுத்தால் கரண்ட் என்று சும்மா இருந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று கொடுத்தேன். போன் அலறியது. "செல்வி! தண்ணி ஊத்தாதே! புள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடு!" பின்னால் ஹேவ்லாக் ஜெட்டியில் ஆட்களெல்லாம் என்ன என்ன என்று கேட்கிற சத்தம். புகை இல்லை, டிஸ்க்தான் தெரியவில்லை என்று எப்படியோ முணுமுணுத்தேன். நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திற, இரண்டு வழியில் எது வேண்டும் என்று கேட்கும், நம் பெட்டி பழசு, அதனால் இரண்டில் மேலே இருப்பதைத் தொடு என்றார். தொட்டேன். புதுசு வந்து நின்றது! திரும்பி வர ஃபெர்ரி ஏறப்போகிற அவசரத்திலும் அண்ணன் விடவில்லை: "புதுசாப் பொறந்த புள்ளைக்குப் பேர் வைக்காம கூப்பிட்டா அது எப்படிம்மா திரும்பிப் பார்க்கும்?"

பீப்

நகல் ஓட ஆரம்பித்தது, ஆமை வேகம். சாயங்காலம் ஆனது. எங்கள் ஊரில் அஞ்சு மணிக்கே இருட்டிவிடும் என்று உங்களுக்குச் சொல்லணுமா என்ன, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யூபிஎஸ் பீப் பீப் என்றது. அதன் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. கொஞ்ச நேரம் கூடத் தாங்கட்டும் என்று மானிட்டரை அணைத்தேன், ஃபேனைப் பிடுங்கினேன். பெட்டி மட்டும் இருட்டில் தன்பாட்டுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தது. தீதி நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மித்ராவுக்குக் காற்று வேண்டுமே என்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கோடியில் ஜன்னல் பக்கம் நின்றேன்.

அண்ணன் ஃபெர்ரி இறங்கி உள்ளே வந்தார். திரை இருட்டு, பாட்டு இல்லை, பீப் மட்டும் கேட்கிறது. வேலை முடிந்தது, செல்வி யூபிஎஸ்ஸை அணைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். பீப் கேட்டாலே அவருக்குக் கை அரிக்கும், பேட்டரி வீணாகிறதே என்று. குனிந்தார். விரல் பட்டனுக்கு மேலே போய்விட்டது. ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை, மிஸ்டு கால் கொடுக்கவும் நேரமில்லை. "யோவ்! கையை எடுய்யா!" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். மித்ரா என் வாயையே பார்த்தாள். தீதி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, தூக்கத்திலேயே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அண்ணன் குனிந்தது குனிந்தபடி, விரல் நீட்டியது நீட்டியபடி இருந்தார். அந்த நேரம் கரண்ட் வந்தது, பீப் நின்றது, அவர் மெதுவாக நிமிர்ந்தார்: "ரெண்டு வருஷமா இந்த வாயை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"

புது வீட்டுக்காரர்

நகல் முடிந்தது. பழசைக் கழற்றி அதன் இடத்தில் புதுசை மாட்டணும், ஸ்க்ரூவைக் காணோம். மித்ரா அட்டை வீட்டில் ஸ்க்ரூவைப் போட்டு சாம்பார் வைத்திருந்தாள். சாம்பாரை வாங்கி மாட்டினேன். ஆன் பண்ணினேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்மினுக்கென்றது.  திடீரென்று மீன் வந்தது, சங்கு வந்தது, தாமரை வந்தது, தோகையை விரித்துக்கொண்டு மயில் வந்தது! தீதி என்னைத் தூக்கப் பார்த்தார், முடியாமல் மித்ராவைத் தூக்கிச் சுற்றினார். பழைய டிஸ்க்கை அண்ணன் சும்மா ஒரு தடவை தனியாக மாட்டிப் பார்த்தார். கட் என்றது. அதோடு சரி, அப்புறம் அது வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரியே கன்வெர்ட்டர் வயர் தாய்வீடு போனது, பாட்டு திரும்பி வந்தது.

பூஜை முடிந்து ஒருநாள் கடையில் தனியாக இருந்தேன். என் போன் அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. மூன்றாவது தடவையும் அடித்து நின்றது. ரீனா தீதி நம்பர்! எனக்குக் கூச்சம் எங்கே போனதோ, நானே திருப்பிப் போட்டு, "தீதி, புகையா? தண்ணி ஊத்தாதீங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு: "புகை இல்ல செல்வி! ரெண்டு பல்லி பச்சா ஆ கயா, மயில் டிசைன் மேலயே ஓடுது, சீக்கிரம் வந்து பாரு!"

பழைய பெட்டியில் புது டிஸ்க் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, உள்ளே குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் கடைசி வரை வாயை மூடிக்கொண்டு இருக்கணும், முதலாளி பட்டனில் கை வைக்கும்போது மட்டும் மரியாதை பார்க்காமல் திறக்கணும்.