முதல் எபிசோடு பார்த்த மதியம்

தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைபேசியில்தான் அதைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடித்த நேரம். அக்காவின் மகள் ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் முதல் எபிசோடைப் போட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம், தனியாகப் பார்க்க இவளுக்குப் பயமாம். அதனால் அம்மையை ஒரு பக்கமும் சித்தியான என்னை மறுபக்கமும் உட்கார வைத்துக்கொண்டாள். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் அக்காவும் நானும் அடுத்தடுத்த வீடு. அத்தான் மஸ்கட்டில் வேலை பார்த்தார். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை.

கதை ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பற்றியது. மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறாள். மறுநாள் காலையில் விரல்கள் தடித்திருக்கின்றன. கையைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். பிறகு தாடை மாறுகிறது, பற்கள் விலகுகின்றன, குரல் கனக்கிறது. கூடவே இருக்கிற யாரும் கவனிப்பதில்லை. முழுக்க வேறொன்றாக மாறிய பிறகு அவள் தாயின் அறைக் கதவைத் தட்டிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலைக் கேட்டுத் தாய் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிறாள். அதோடு எபிசோடு முடிந்தது. பிள்ளை என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா மட்டும் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாழ்ப்பாள் போட்டிருக்கப்பிடாது,” என்றாள்.

“அது பேயாயிட்டும்மா. அவ மகள்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் பிள்ளை.

அக்கா தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் டியூஷனுக்குக் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து, ஈரம் துடைக்காத கையை என் மடியில் வைத்தாள்.

“எட்டி, இது என் கையா, பாத்துச் சொல்லு.”

நான் பார்த்தேன். தினமும் எனக்குச் சோறு போட்ட கைதான். ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அகன்று, தடித்து, ஒரு கட்டுமரக்காரரின் கை போல இருந்தது. கல்யாண மோதிரம் இறுகிப்போய், நாகர்கோவிலில் ஒரு நகைக்கடையில் வெட்டி எடுத்தது எனக்குத் தெரியும். அக்கா குண்டாகிவிட்டாள் என்று நினைத்தேன். மார்த்தாண்டத்தில் பெண்கள் செருப்பு எதுவும் பத்தாமல் ஆண்கள் செருப்பு வாங்கியபோது கடையிலேயே கேலி செய்தவள் நான். போனில் அவளை ‘அண்ணே’ என்று யாரோ கூப்பிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். கதவு நிலையில் அவள் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் பார்த்து நடக்கச் சொன்னேன். ஓயாத தலைவலிக்கு ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்ததால் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது.

ஒரு வருடமாக அவள் அத்தானிடம் முகம் காட்டிப் பேசவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கேமரா கெட்டுப்போயிற்று என்று சொல்லி வைத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போவோம் என்றேன். அவர் அடுத்த மாதம் வருகிறார், வந்த பிறகு போகலாம் என்றாள். நான் சரி என்றேன். அந்தச் சரியை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

அத்தான் வந்த அன்று காலை மூன்று பேரும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனோம். அக்கா புதுச்சேலை உடுத்திப் பூ வைத்திருந்தாள். அத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் மகளைப் பார்த்துச் சிரித்தார். கட்டிப்பிடித்தார். அக்காவுக்கு, தெரியாதவர்களுக்குச் செய்வது போல லேசாகத் தலையசைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, “அக்கா வரலியா மக்கா?” என்று கேட்டார்.

அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். பிள்ளைதான் அம்மையின் கையைப் பிடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அடுத்த நொடியே அழுதுவிட்டார். ஆனால் அந்த ஒரு நொடியை அக்கா பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது பழைய போட்டோ. கல்யாணப் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்கேனுக்கு எழுதினார். மூளைக்கு அடியில், பயறளவு சுரப்பி ஒன்றில் கட்டி. அது பல வருடமாக உடம்பை வளரச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கண் நரம்பையும் அழுத்தியதால் பக்கவாட்டுப் பார்வை போயிருந்தது. மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம், உயிருக்குப் பயமில்லை என்றார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள், முகம் பழையபடி ஆகுமா என்று. வீக்கம் கொஞ்சம் வடியும், வளர்ந்த எலும்பு திரும்பாது என்றார் அவர். இரண்டு வருடம் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கியவர், அத்தானைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தலைவலி போனது. பார்வை பாதி திரும்பியது. அத்தான் லீவை நீட்டித்துப் பக்கத்திலேயே இருந்தார், கஞ்சி ஊட்டினார், தலை பின்னிவிட்டார். பிறகு மஸ்கட்டுக்குப் போனார். இப்போது தினமும் முகம் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அவர் நன்றாகத்தான் பேசுகிறார் என்கிறாள் அக்கா, கண் மட்டும் திரையில் வேறெங்கோ இருக்குமாம்.

போன மாதம் ஆதார் படம் மாற்ற அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனேன். பாங்கில் அட்டையிலுள்ள படத்தோடு ஆள் பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கோபமோ கேலியோ இல்லாமல், இந்த அட்டைக்கு உரியவர்கள் நேரில் வந்தால்தான் முடியும், அவர்களை வரச் சொல்லுங்கள் என்றாள்.

நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அவ இனி வரமாட்டா மக்கா,” என்றாள் அந்தப் பெண்ணிடம். “என்னை எடு.”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்தாள்.