யசோதரா மிஸ் நடத்திய அணிவகுப்பு

ஒன்பதாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. அது அடங்கி மறுபடியும் அதிர்ந்ததும் எடுத்தேன். சபீனா. எங்கள் பள்ளியின் பழைய மாணவி, இப்போது பெரியாஸ்பத்திரியில் நர்சிங் படிக்கிறாள். "மிஸ், யசோ மிஸ் போய்ட்டாங்க மிஸ். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். அவள் அழவில்லை. அழாமல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அழைத்திருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு, "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று மட்டும் வகுப்பிடம் சொன்னேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்காமல் நின்றார்கள்.

அடுத்த வாரம் ஆசிரியர்கள் கூடி இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். படத்துக்கு மாலை, ஊதுபத்தி, ஒரு நிமிட மௌனம், எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு ஒருவர் எழுந்து யசோதராவை "அமைதியே வடிவானவர்" என்றார். இன்னொருவர் "எல்லோரையும் அனுசரித்துப் போனவர்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும், சரி. அதற்காக ஆளையே மாற்றிவிடுவதா? மூளையில் வந்த கட்டி மூன்றே மாதத்தில் அவளைக் கொண்டுபோனது. மிச்சமிருந்ததை நாம் மேடை போட்டுக் கொண்டுபோகப் பார்க்கிறோம். அவளை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் "அவர்" என்று எழுதுவதுதான் மரபு. எனக்கு அது வரவில்லை.

யசோதரா எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் மாட்டியிருக்கும். புத்தரின் மனைவி பெயரைத்தான் அவள் அப்பா அவளுக்கு வைத்தார். "சொல்லாம கொள்ளாம புருஷன் பூட்ட பிறகும் தெகிரியமா நின்ன பொம்பள பேரு, கணக்கு! சொம்மா இல்ல" என்பாள். பள்ளியில் என்னைக் கணக்கு டீச்சர் என்று எல்லோரும் அழைப்பார்கள். அவளுக்கு வெறும் "கணக்கு". புடவைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில், இதுதான் அவளுடைய அலங்காரம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியது எங்கள் பள்ளி. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை சில நாள் எங்கள் வாசலையும் தாண்டிப் போகும். சுற்றுச்சுவர் இடிந்த இடத்தின் வழியாக ஒரு நாள் ஒரு டிரைவர் லாரியை மைதானத்துக்குள் விட்டு நிழலில் படுத்துக்கொண்டார். எல்லோரும் புலம்பினோம். யசோதரா விசிலை ஊதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை லாரியைச் சுற்றி உட்கார வைத்து உரக்க வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "இன்னாம்மா பேஜாரு பண்றே?" என்றார். "இது கிரவுண்டுபா. உன் வண்டி இங்க கீது, அதான் புள்ளைங்களுக்கு ஆடறதுக்கு எடம் இல்ல, படிக்குதுங்க" என்றாள். பதினாறாம் வாய்ப்பாடு வருவதற்குள் லாரி வெளியே போய்விட்டது. இவளைத்தான் அனுசரித்துப் போனவள் என்கிறார்கள்.

சுனாமி வந்து போனபின் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு தொண்டுக்கு அனுப்பும் ஓர் அமைப்பின் வழியாக எங்களுக்கு வந்தவள் யூலியா. போலந்துக்காரி, இருபது வயதிருக்கும். உலக நாடுகள் எல்லாம் கூடி ஒப்புக்கொண்ட எட்டு வளர்ச்சி இலக்குகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட்டாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வறுமை ஒழிப்பு, எல்லோருக்கும் தொடக்கக் கல்வி, ஆண் பெண் சமத்துவம், நல்ல தண்ணீர் என்று போகும். எல்லாம் இரண்டாயிரத்துப் பதினைந்துக்குள் நடந்துவிடுமாம். பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. தடுப்பூசியா, பேச்சுப் போட்டியா, யாரோ ஒருவரின் சொற்பொழிவா, எது வந்தாலும் விளையாட்டுப் பீரியடில்தான் கை வைப்பார்கள். யூலியாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். "என் பீரியடு இன்னா சத்திரமா?" என்று யசோதரா ஆசிரியர் அறையில் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்துவிட்டு, மறுநாள் அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்க்க அவளே போய் நின்றாள்.

அந்த மொழிபெயர்ப்பைக் கேட்கவே நான் பக்கத்து வகுப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொள்வேன். யூலியா நாலு வாக்கியம் பேசுவாள். யசோதரா, "எல்லாரும் வயிறு ரொம்பத் துன்னணும்னு சொல்லுது. அவ்ளோதான்" என்பாள். ஏழாவது சார்ட்டு வந்தபோது ஒரு பையன் எழுந்து, "நல்ல தண்ணின்னு போட்டுகீதே மிஸ், அது லாரில வருமா, கொயால வருமா?" என்று கேட்டான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடும் தெருவிலிருந்து வரும் பிள்ளை அவன். கேள்வி ஆங்கிலத்துக்குப் போய், யூலியா சற்று யோசித்து, "குழாயில்" என்றாள். வகுப்பே கை தட்டியது. இந்தப் பொண்ணுக்கு மனசு நல்ல மனசு என்று யசோதரா அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டாள்.

இனிச் சொல்லப் போவது கழிப்பறைக் கதை. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். மாணவிகளுக்கென்று எங்களிடம் இருந்ததில் கதவும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். யூலியா வரப்போகிறாள் என்றதும் தலைமையாசிரியர் ஓடி அலைந்து ஒரு வியாபாரியிடம் நன்கொடை வாங்கி, மைதானத்தின் ஓரத்தில் புதிதாக ஒன்று கட்டினார். டைல்ஸ், குழாய், மேலே தண்ணீர்த் தொட்டி, வரிசையாக நாலு அறை. நாலுக்கும் பொதுவாக ஒரு இரும்புக் கதவு, அதில் கனத்த பூட்டு. கதவில் பெயின்ட்டால் "விருந்தினர் மட்டும்" என்று எழுதியிருந்தது. அவர் கெட்டவர் அல்ல. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் புதுத் தட்டை எடுத்து வைக்கும் புத்திதான் அது. சமத்துவம் சொல்லிக் கொடுக்க வந்தவளுக்கு மட்டும் தினமும் சாவி போகும்.

அப்போது சபீனா ஒன்பதாம் வகுப்பு. நிறைவு விழாவில் கல்வி பற்றிய சார்ட்டைப் பிடித்து நிற்க அவளைத்தான் யூலியா தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு நாள் வந்து, "வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க மிஸ். நான் இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டேன்" என்றாள். மறுநாள் அவள் அம்மா டி.சி. வாங்க வந்துவிட்டார். தண்டையார்பேட்டை குடோனில் மிளகாய் காம்பு கிள்ளுபவர். பேச்சுக்கு நடுவில் தும்மிக்கொண்டே இருந்தார். "படிக்க வேணாம்னு சொல்லல மிஸ். மாசத்துல நாலு நாளு வூட்லயே ஒக்காந்துகினு அயுவுது. ஒதுங்க எடம் இல்லாத எடத்துக்கு வயசுக்கு வந்த பொண்ண எப்டி மிஸ் அனுப்பறது?" என்றார்.

நான் கல்வியின் பெருமையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். யசோதரா என்னைக் கையமர்த்தினாள். "அந்தம்மா கேக்கறது நாயம். வெள்ளிக்கெயம ஸ்கூல்ல விழா. அன்னிக்கு வாங்கம்மா. அதுக்குள்ள நான் பதில் சொல்லலன்னா டி.சி.ய நானே வாங்கிக் குடுக்கறேன்" என்றாள்.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். "விழா முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம். இப்போ திறந்து விட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள நாறடிச்சிடுவாங்க" என்றார் அவர்.

"நாறடிக்கிறதுக்குத்தான் சார் கக்கூசு கட்றது. சூடம் கொளுத்திக் கும்புடறதுக்கா?"

"நம்ம ஸ்கூல் மானம் இருக்குல்லம்மா?"

"என் பொண்ணுங்களுக்கு மானம் இல்லியா சார்?"

அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

வெளியே வந்ததும் யசோதரா யூலியாவைப் பிடித்தாள். "இந்தச் சாவி உனக்கு மட்டும். என் பெண்களுக்கு இல்லை" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நறுக்கென்று சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் யூலியா பாட்டில் கொண்டுவரவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்ட யசோதரா அவளை உட்கார வைத்து, மொழிபெயர்க்காமல் தமிழிலேயே திட்டினாள். "நீ தண்ணி குடிக்காம கெடந்தா பூட்டு தானா தொறந்துக்குமா? குடி மொதல்ல. வெள்ளிக்கெயம மட்டும் சாவி உன் கைல இருக்கட்டும்." யூலியாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, யசோதரா நீட்டிய பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பந்தலும் மேடையும் போட்டிருந்தார்கள். அதிகாரிகள், நன்கொடை கொடுத்த வியாபாரி, யூலியாவின் அமைப்பிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். விழா என்றால் எங்கள் பள்ளியில் முதலில் மாணவிகளின் அணிவகுப்பு. அது யசோதராவின் ராஜ்யம், வேறு யாரும் தலையிட மாட்டார்கள். விசில் ஊதினாள். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண்கள் மூன்று மூன்று பேராக நடந்து வந்தார்கள். முதல் வரிசையில் சபீனா, கையில் சார்ட்டு. மேடையைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். வழக்கமாக அங்கே வலப்பக்கம் திரும்பிப் பந்தலில் போய் உட்கார வேண்டும். யசோதரா தொண்டையைத் திறந்து, "லெஃப்ட் டர்ன்!" என்றாள்.

அத்தனை பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி காலும் பிசகவில்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து, "விருந்தினர் மட்டும்" என்ற கதவுக்கு முன்னால் வரிசையாக நின்று, அவள் சொன்ன இடத்தில் காலைத் தட்டி நிறுத்தினார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வெயிலில் அசையாமல் நின்றார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். அந்த வியாபாரிதான் மைக் இல்லாமலே, "இன்னா சார் பாத்துகினு கீறீங்க, தொறந்து உடுங்க. புள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க" என்று கத்தினார்.

யூலியா மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். சாவியைச் சபீனாவின் கையில் வைத்தாள். சபீனா சார்ட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள்.

சபீனாவின் அம்மா கேட்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "தண்ணி வருதா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். "நீங்களே போய்ப் பாருங்கம்மா" என்றாள் யசோதரா. உள்ளே போனவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். "டி.சி. வேணாம் மிஸ்" என்றார்.

இதற்கான விலையை யசோதராவிடம் வசூலித்தார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "மாணவிகள் கட்டளைப்படி ஒழுங்காக நடந்தனர். அணிவகுப்பில் குறை இருந்தால் தெரிவிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த மே மாதம் அத்திப்பட்டுப் பக்கம் தூக்கியடித்தார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினால் மாற்றலை ரத்து செய்துவிடலாம் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். "லெஃப்ட் டர்ன்னு சொன்னதுக்கு மன்னிப்பா? அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் விசிலு ஊதறது?" என்று கேட்டுவிட்டு ரயிலேறிப் போனாள். அங்கேயும் இடிந்த சுவர்கள் இருந்திருக்கும், அங்கேயும் பூட்டுகள் இருந்திருக்கும். சும்மா இருந்திருக்க மாட்டாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முடியெல்லாம் மழித்திருந்தார்கள். பேச்சு குழறியது, கோபம் குழறவில்லை. "அந்தப் பொண்ணு எட்டு கொண்டாந்துச்சு. நாம ஒண்ணு தொறந்தோம். மீதி ஏயு யாரு பண்றது கணக்கு?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சீ, கண்ணத் தொடைச்சிக்கோ. சபீனா பாத்தா சிரிக்கப் போவுது" என்றாள்.

இன்று எங்கள் பள்ளிப் பெண்களுக்கு அந்த இடத்தின் பெயர் கெஸ்ட் ரூம். கதவில் எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. "மிஸ், கெஸ்ட் ரூம் போய்ட்டு வரேன்" என்று வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. நான் எந்த நேரத்திலும் யாரையும் தடுப்பதில்லை.

மாற்றலாகிப் போன அன்று யசோதரா அந்தப் பூட்டை என் மேசையில் வைத்தாள். "இத நீ வெச்சிக்கோ. இங்க வேற எவன் கைக்கும் பூடக்கூடாது" என்றாள். அவளிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள், இப்போதைய தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து மறுபடியும் மாணவர்கள் வருகிறார்களாம். அதுவரை பெண்கள் கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டுமாம். "உங்ககிட்ட ஒரு பழைய பூட்டு இருக்குன்னு அட்டெண்டர் சொன்னாரே டீச்சர்?" என்றார்.

"இருக்கு சார், தரமாட்டேன்" என்றேன்.