வயிற்றில் வளர்ந்தது

பைரவரை நம்பும் உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

1998 மழைக்காலத்தில் என் வயிற்றின் வலப்பக்கம் புடைத்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. புனே பக்கம் நாங்கள் குடியிருந்த தேஹு ரோடு குவார்ட்டர்ஸ் பெண்கள் என் வயிற்றைப் பார்த்து அர்த்தமாகச் சிரித்தார்கள். நானும் பத்து நாள் நம்பினேன்.

ஸ்கேனில் கல்லீரலில் நீர்க்கட்டி என்று தெரிந்தது. தேங்காய் அளவு. புனே மருத்துவமனையில் டாக்டர் ஹிந்தியில் கேட்டார்: "கர் மே குத்தா பாலா ஹை?" வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா என்று. இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. பிள்ளை வரம் கேட்டு ஒவ்வொரு தேய்பிறை அஷ்டமியும் தெருநாய்களுக்குத் தயிர்சாதம் வைப்பேன். அவற்றைத் தடவிக் கும்பிட்டு, அதே கையால் மிச்சத்தைப் பிரசாதமாகச் சாப்பிடுவேன். ஆனால் சுவாமியின் வாகனத்தை நான் 'வளர்ப்பதாக' நினைத்ததே இல்லை. வியாழக்கிழமை ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாம் என்று முடிவானது.

அன்று காலை ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். பக்கத்தில் கணவர், அவருடைய அக்கா ருக்மணி அண்ணி. கண்ணை மூடி, "பைரவா, பிள்ளை வேண்டாம். உயிர் மட்டும் போதும்" என்று வேண்டினேன்.

அண்ணி தம்பியிடம் பேசினார். குரலைத் தாழ்த்தவில்லை.

"பதினோரு வருஷம் நாயைத் தடவித் தடவிச் சோறு போட்டா. வயித்துல என்ன வந்திருக்கு பாத்தியா? குட்டி."

"சும்மா இரு, அக்கா."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? அடுத்துக் கட்டிக்கிறவளாவது நாய் மோந்து பாக்காதவளா பாரு."



ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்த மலையாளி நர்ஸுக்குத் தமிழ் தெரியும். அவர் கை நின்றது. "ஏது நாய்? சேச்சி, நீங்க நாயைத் தொடுவீங்களா?"

தலையாட்டினேன். அவர் உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார். ஊசி நிறுத்தப்பட்டது.

ரத்தப் பரிசோதனையும் மறு ஸ்கேனும் காரணத்தைக் காட்டின. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை, என் கை வழியாக வாய்க்குள் போய், கல்லீரலில் வருடக்கணக்காகக் கட்டியாக வளர்ந்திருந்தது. தெரியாமல் குத்தியிருந்தால் நீர் கசிந்து, ஒவ்வாமையில் மேசையிலேயே உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். சில வாரம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வயிற்றைத் திறந்து, சுற்றிலும் உப்புநீரில் நனைத்த துணிகளை வைத்து, சிந்தாமல் கட்டியை எடுத்தார்கள். உள்ளே திராட்சை போல நிறையச் சிறு கட்டிகள் இருந்தனவாம்.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அண்ணி அன்று சொன்னதை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். நான் அஷ்டமியை விடவில்லை. சோற்றை இலையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிரசாதம். டாக்டர் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

என் வேண்டுதலுக்குப் பதில் வந்தது; நான் எப்போது சாவேன் என்று காத்திருந்த அண்ணியின் வாயிலிருந்து வந்தது. அதற்காக பைரவருக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் யார் வாயால் வர வேண்டும் என்பதை மட்டும் சுவாமியிடம் விட்டுவிடுங்கள்.